'மே' என்னும் சிறு சொல்

விடுமுறை வேண்டி மாணவர் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் "ஐ மே கைன்ட்லி பீ கிரான்ரட் லீவ்" என்னும் வாக்கியத்தை நாம் அடிக்கடி காண்கின்றோம். பணிவாக எழுதியதாகவே அவர் எண்ணுவர். ஆங்கிலேயர் செவியிலோ "எனக்கு விடுமுறை கிடைத்தாலும் கிடைக்கலாம்" என்பது போல் அது ஒலிக்கும்! "மே ஐ பிளீஸ் ஹாவ் லீவ் ஒன் மண்டே?" என வினாவாக அமைத்தாலே வேண்டுகோளாகும்.

'மே' என்பது பெரும்பாலும் நம் 'லாம்' என்னும் ஈற்றை ஒத்தது. "மழை வரலாம்" என்பதில் ஐயமும், "உள்ளே வரலாமா?" என்பதில் அனுமதி வேண்டலும் தோன்றுதல் போல, 'மே'யும் இரு பொருளும் தரும். ஆயின், நாம் ஒன்று செய்வதற்கு 'மே' கொண்டு அனுமதி கேட்கலாமேயன்றி, பிறரை ஒன்று செய்யுமாறு வேண்டலாகாது. "மே யூ ஓப்பின் த டோர்?" என்றல் பிழை. "வுட் யூ" அல்லது "குட் யூ" என்க. "மே யூ" என்று தொடங்கினால் அது வாழ்த்தாகிவிடும், கதவு திறவாது.

"கேன் ஐ" என்பது தவறா எனச் சிலர் கேட்பர். நண்பரிடம் தவறன்று, அதிபரிடம் "மே ஐ" என்பதே தகும். விந்தை யாதெனின், பழைய ஆங்கிலத்தில் வலிமையைக் குறித்த சொல்லே இன்று 'மே' ஆயிற்று. 'கேன்' அன்று அறிதலைக் குறித்தது.

விடை கூறுவோரும் கவனிக்க. ஒத்தவரிடம் "யெஸ், யூ மே" என்பது அதிகாரத் தொனி உடையது. "யெஸ், ஒஃப் கோர்ஸ்" என்றலே இனிது.