தரகனைத் தண்டித்து, நகராட்சியைத் தப்பவிடும் புதினங்கள்

கிழக்கு ஐரோப்பாவின் யூத இளம்பெண்கள் புவெனஸ் அயர்சுக்குக் கடத்தப்பட்ட கொடுமையைப் பொருளாகக் கொண்ட வரலாற்றுப் புதினங்கள் பல வெளிவந்துள்ளன. தாலியா கார்னரின் ‘மூன்றாவது மகள்’ (2019) அவற்றுள் ஒன்று. மறக்கடிக்கப்பட்டதை நினைவூட்டினர் என்ற அளவில் இவ்வாசிரியர்களைப் பாராட்டலாம். அதற்குமேல் பாராட்ட இயலவில்லை.

வறிய வீட்டுச் சிறுமி, பட்டாடை உடுத்து மணம்பேச வரும் கயவன், கப்பல், விடுதி, மீட்சி. இந்த வாய்பாட்டில் குற்றவாளி ஒருவனே, அவன் தரகன். தோழர்களே, வரலாறு அவ்வளவு எளிதன்று. ஜார் அரசின் 1882 மே சட்டங்கள் யூதர்கள் கிராமப்புறங்களில் புதிதாகக் குடியேறத் தடைவிதித்தன. வறுமை வானத்திலிருந்து விழவில்லை. கடல்கடந்த பெண்ணுக்கு அங்கே காத்திருந்த விடுதிக்கு உரிமம் அளித்தது யார்? 1875ஆம் ஆண்டு விதிகளின்படி புவெனஸ் அயர்ஸ் நகராட்சி. பெண்களைப் பதிவுசெய்து மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியதும் அதுவே. தரகர்களோ 1906இல் ‘வார்சா’ என்ற பெயரில் பரஸ்பர உதவிச் சங்கமாகப் பகிரங்கமாகவே இயங்கினர். 1929இல் அது ‘ஸ்வி மிக்டால்’ ஆயிற்று. 1913இல் சோஷலிஸ்ட் உறுப்பினர் ஆல்ஃப்ரெதோ பலாசியோஸ் கொண்டுவந்த சட்டம் தரகர்களைத் தண்டிக்க வழிசெய்தது. உரிமம் பெற்ற விடுதிகள் அதன்பிறகும் திறந்தே கிடந்தன.

அச்சங்கத்தை நீதிமன்றத்திற்கு இழுத்தவர் ராக்கேல் லிபர்மன். ஏமாற்றிக் கொணரப்பட்ட கன்னி என்றே அவரைப்பற்றி நெடுநாள் எழுதிவந்தனர். ஆவணங்கள் வேறு சொல்கின்றன. 1922இல் இரு மகன்களுடன் கணவரிடம் வந்து சேர்ந்தவர். மறு ஆண்டே கைம்பெண்ணானவர். பிள்ளைகளை அயலாரிடம் விட்டுத் தலைநகருக்குச் சென்றவர். பணம் சேர்த்துத் தம்மை மீட்டுக்கொண்டு கடையும் வைத்தார். சங்கத்தைச் சேர்ந்த ஒருவன் போலித் திருமணம் செய்து அதனையும் பறித்தான். 1929 டிசம்பரில் அவர் புகாரளித்தார். 108 பேர் காவலில் வைக்கப்பட்டனர். 1931 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலோரை விடுவித்தது. மாசற்ற சிறுமிக்கு மட்டுமே கண்ணீர் சிந்தும் புதினத்தில் இந்தக் கைம்பெண்ணுக்கு ஏது இடம்?

யூதச் சமூகத்தின் மதிப்புமிக்கோர் இவர்களை ‘த்மேயிம்’ என்றனர். இச்சொல்லை மொழிபெயர்க்க நமக்கு அகராதி வேண்டியதில்லை: தீட்டுப்பட்டோர். தரகனையும் அவனிடம் அகப்பட்ட பெண்ணையும் ஒரே சொல்லால் விலக்கி, இடுகாட்டிலும் இடம் மறுத்தனர்.

தரகனை யூதனாக மட்டுமே காட்டுவதில் வேறொரு தீங்கும் உண்டு. யூதவெறுப்புக்கு அது தீனி. பிரெஞ்சுத் தரகர்களும் அதே நகரில் கொழித்தனர் என்பதை ஆல்பெர் லோந்த்ர் 1927இலேயே நூலாக எழுதினார்.

பம்பாய்க் காமாட்டிபுரத்தின் ‘சஃபேத் கல்லி’யிலும் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்கள் இருந்தனர், பிரிட்டிஷ் காவல்துறையின் கண்காணிப்பிலேயே இருந்தனர். அவர்களைப்பற்றிய புதினம் எதுவும் இதுவரை என் மேசைக்கு வரவில்லை.