மலையின் ஆரம்ப இருப்பு எவ்வளவு?

மதுரைப் பக்கம் இப்போது கல்யாணமோ காதுகுத்தோ, தலைக்கு மேலே ஒரு ட்ரோன் ரீங்காரம் போடாமல் நடப்பதில்லை. பிளாட் விற்கிறவரும் ட்ரோன் விடுகிறார். சந்தோஷம். ஆனால், அந்தப் பறவை பார்த்தே ஆகவேண்டிய இடம் மேலூர் தாலுகாவில் இருக்கிறது.

2012 மே மாதம். மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். கொஞ்ச நாளில் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். (நேர்மைக்கு நம் ஊரில் கிடைக்கும் தள்ளுபடி!) ஆகஸ்டில் விஷயம் வெடித்தது. அடுத்த கலெக்டர் அன்சுல் மிஸ்ரா காலத்தில் சோதனைகள் நடந்தன. அப்போதுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலிருந்து அண்ணா பல்கலைக்கழகக் குழு, 'தக்‌ஷா' என்ற ஆளில்லா விமானத்தைக் கொண்டுவந்து குவாரிகளைப் படமெடுத்தது. ட்ரோன் என்ற வார்த்தையே நம்மில் பலருக்குப் பழகாத காலம். பெருமைதான்.

சரி, அந்தப் படம் என்ன சொல்லும்? ஒன்றன் மேல் ஒன்று படிகிற மாதிரி நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் கோத்து, பள்ளத்தின் நீள அகல ஆழத்தைச் சொல்லும். தண்ணீர் நின்றால் அடி தெரியாது. அது வேறு கதை. இன்றைக்குப் பள்ளம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நேற்றைக்கு அங்கே எவ்வளவு உயர மலை நின்றது?

நான் படித்தது பி.காம். பெட்டிக்கடைக் கணக்குக்கே ஆரம்ப இருப்பு வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். கடைக்காவது புதுச்சரக்கு வரும். மலைக்கு வரவே கிடையாது; இருப்பும் செலவும்தான். உலகத்திலேயே சுலபமான கணக்கு! அதைத்தான் போட முடியாமல் நிற்கிறோம். வெட்டுவதற்கு முன் மலையை யாரும் துல்லியமாக அளந்து வைக்கவில்லை. பழைய வரைபடத்தை வைத்து அனுமானிக்க வேண்டியதுதான்.

உயர் நீதிமன்றம் 2014-ல் அதே சகாயத்தை விசாரிக்கச் சொன்னது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. காலம் வேறு, மதிப்பிட்ட முறை வேறு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இருப்புக் கணக்கு கையில் இருந்தால் இந்த வாதமே எழாதே? நடைச்சீட்டில் போன கல் இவ்வளவு, பள்ளத்தில் காணாமல் போனது இவ்வளவு, குவித்துப் போட்ட கழிவு இவ்வளவு என்று ஒரு தாளில் முடிந்திருக்குமே!

மத்திய அரசு சும்மா இல்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வெட்டுகிற, அல்லது 50 ஹெக்டேர் பரப்புள்ள பெரிய சுரங்கங்கள் வருஷா வருஷம் ட்ரோன் படம் தரவேண்டும் என்று 2021 நவம்பரில் விதி போட்டது. அதிலும் படம் எடுத்துக் கொடுப்பவர் குத்தகைக்காரரேதான். போகட்டும், அந்த விதி கிரானைட்டுக்குப் பொருந்தாது. ஏன் தெரியுமா? சட்டப்படி கிரானைட் 'சிறு கனிமம்'. மலையே காணாமல் போனாலும் சிறுசுதான்!

தோண்டும் இடத்தை விடுங்கள், கட்டும் இடத்துக்கு வாருங்கள். தேசிய நெடுஞ்சாலைப் பணிகளை மாதாமாதம் ட்ரோனில் படம்பிடிக்க 2021 ஜூனில் உத்தரவு வந்தது. ஆகஸ்டில் மதுரை-நத்தம் சாலைப் பாலத்தில் தூக்கி நிறுத்தும்போது கர்டர் விழுந்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். ட்ரோன் இருந்தால் அது நடந்திருக்காது என்று நான் கதை விடமாட்டேன். மாதாமாதம் எடுக்கிற படம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. 'டேட்டா லேக்' என்ற தளத்தில் ஏற்றுகிறார்கள். பெயர்தான் ஏரி. அதிகாரிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் படித்துறை உண்டு, சுங்கம் கட்டுகிற நமக்குக் கிடையாது.

கல்யாண வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகிற ட்ரோன் அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாதா? அளவெடுக்கிற ட்ரோன் விலை கூடுதல்தான். இழந்ததாகச் சொல்லும் கோடிகளுக்கு முன்னால் அது டீச்செலவு. உண்மையில் தடுப்பது செலவல்ல. ஒருமுறை ஊரறிய அளந்துவிட்டால் அப்புறம் கணக்குச் சொல்லவேண்டி வருமே, அந்தப் பயம்.

அரிட்டாபட்டியைச் சேர்த்து மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடித்தார்கள். ஜனங்கள் மதுரைக்கே நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ரத்தானது. அந்த மலைகள் இன்னும் நிற்கின்றன. அடுத்த ஏலக்காரர் வருவதற்குள் அவற்றையும், அடிவாரக் கண்மாய்களையும், ஓடைகளையும் பறந்து அளந்து, படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் குவாரி ஓடுகிறதா? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, "ஆரம்ப இருப்புப் படம் எங்கே சார்?" என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியை எழுதும்வரை உட்காராதீர்கள்.