கால் ஆறும் வரை கஞ்சிக்கு வழி என்ன?

தறிப்பட்டறையில் இரவு ஷிப்ட் முடிந்து, தாரமங்கலத்திலிருந்து ஓமலூர் திரும்பும் தொழிலாளி லாரியில் அடிபடுகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் காப்பாற்றி அனுப்புகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் புண்ணின் ஓரத்தில் சீழ் கசிகிறது. இப்படிப்பட்ட குடும்பங்கள் நமக்குப் புதியவையல்ல.

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்காரே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. நல்ல திட்டம்தான், வரவேற்றோம். ஆனால் எலும்பில் புகுந்த கிருமிக்கு 48 மணி நேரக் கணக்குத் தெரியாது.

சீழ் கட்டினால் எலும்புக்கு ரத்தம் போவது தடைப்படுகிறது. ரத்தம் எட்டாத துண்டு செத்துப் போகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. செத்த துண்டை அறுத்தெடுத்து, பெரும்பாலும் ஆறு வாரமாவது மருந்து கொடுக்க வேண்டும். அப்படியும் சில வருஷம் கழித்து மறுபடி சீழ் வைப்பதுண்டு. மூட்டுக்குள் கிருமி புகுந்தால் சில நாளிலேயே மூட்டு கெட்டுவிடும். சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போன விவசாயத் தொழிலாளிக்கோ விபத்துகூட வேண்டியதில்லை. மரவள்ளிக் காட்டில் வெறுங்காலில் குத்திய ஒரு முள்ளே எலும்புவரை புண்ணாகி, விரலை எடுக்கும்படி ஆகிவிடுகிறது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். (அந்தப் பெயருக்குரியவரும் ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்தான், அது வேறு கதை.) கட்டிலில் கிடப்பவரின் கூலியை யார் தருவது? துணைக்கு உட்கார்ந்திருக்கும் மனைவியின் கூலியை யார் தருவது? வட்டிக்காரன்தான் தருகிறான். பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் கழுத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடம் போகும் பையன் தறிக்குப் போகிறான்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில், நோயுற்ற தொழிலாளிக்கு வருஷத்தில் 91 நாள்வரை 70 சதவீதக் கூலி உண்டு. 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதக் கூலி. தேவைப்பட்டால் இரண்டு வருஷம்வரை தரலாம். தோல் கிழிந்த முறிவில் எலும்புச் சீழ் நாட்பட்டுப் போவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது! ஆக, இந்த நோய் ஆளை எவ்வளவு காலம் முடக்கும் என்பது சர்க்காருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்றால் முதலாளி தப்பித்துக் கொள்கிறான். மகன் பேரில் நாலு தறி, மருமகன் பேரில் நாலு தறி என்று பிரித்து வைக்கும் தந்திரத்தை நாம் பார்க்காமலில்லை. காட்டு வேலை செய்பவருக்கோ அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

கட்டுப் போடும் வைத்தியரிடம் நம்மவர்கள் ஓடுவதும் இதனால்தான். அன்றைக்கே வீடு திரும்பலாம், செலவு கொஞ்சம். அவரை நாம் ஏசவில்லை. ஆனால் தோல் கிழிந்த முறிவை உடனே ஆஸ்பத்திரியில் கழுவிச் சுத்தம் செய்தாக வேண்டும். அழுக்கோடு சேர்த்துக் கட்டினால் சீழையும் உள்ளேயே கட்டி வைப்பதாகும். இதைக் கிளைக் கூட்டங்களில் தோழர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இ.எஸ்.ஐ. தருகிற அதே 80 சதவீதக் கூலியைச் சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று கோருகிறோம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டறைகளில் இருக்கும் தோழர்கள், தங்கள் பேரில் இ.எஸ்.ஐ. பணம் கட்டப்படுகிறதா என்று இந்த வாரமே விசாரித்துச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.