குழந்தைகள் உதவித் தொலைபேசியும் கணக்கு ஒழுங்கும்

நெசவாளர்க்கும் விவசாயிகட்கும் உரிய ஒரு கூட்டுறவு ஏட்டில் குழந்தைகள் உதவித் தொலைபேசியைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நூல் விலை, பாவு, கூலி உயர்வு, பயிர்க்கடன், உரம் ஆகியவற்றைப் பேச வேண்டிய இடத்தில் இஃது எதற்கு என்பது நியாயமான வினாவே. ஆயினும் நம் தொழில்கள் இரண்டும் வீட்டோடு ஒட்டியவை. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வயல் வீட்டை அடுத்து இருக்கிறது. தொழிலில் முடை ஏற்படுங்கால் அதன் அடி வீட்டிலுள்ள குழந்தையின்மீதே விழுகிறது. பள்ளி நின்றுபோவதும், வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை பிறர் தறியில் அமர்த்தப்படுவதும், பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் நிச்சயிக்கப்படுவதும் நம் சங்க எல்லைகளுக்கு அப்பால் நிகழ்வன அல்ல. அந்நிலையில் ஒரு குழந்தை யாரை அழைக்கும்? அழைத்த பின் அக்குரல் எங்கே சென்று சேரும்? இவற்றுள் இரண்டாம் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

எண்ணின் வரலாறு

குழந்தைகளுக்கென்று தனியே உதவி அமைப்புகள் ஏற்படுத்தும் முயற்சி ஸ்வீடன் நாட்டில் 1971லும், இங்கிலாந்தில் 1986லும் தொடங்கிற்று. இந்தியாவில் 1098 என்னும் எண் 1996ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மும்பையில் தொடங்கப் பெற்றது. டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஜெரூ பில்லிமோரியா அம்மையார், ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் வாழ்ந்த சிறார்களோடு பழகி, இரவும் பகலும் அழைக்கத்தக்க ஓர் எண் வேண்டும் என்பதை அவர்கள் வாயிலாகவே உணர்ந்து இம்முயற்சியில் இறங்கினார். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் அமைந்திருப்பதால் எழுத்தறியாத குழந்தையும் இவ்வெண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். கட்டணமும் இல்லை. 1999இல் இதற்கெனச் சைல்டுலைன் இந்தியா பவுண்டேஷன் என்னும் அமைப்பு ஏற்பட்டு, தொண்டு நிறுவனங்களின் துணையோடு சேவை நாடெங்கும் பரவியது.

தொடக்கத்தில் அந்தந்த நகரத்து நிறுவனமே தொலைபேசியை எடுத்துப் பேசியது. பின்னர், மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் அமைந்த பொது மையங்கள் அழைப்புகளை ஏற்று, மாவட்டங்களுக்கு அனுப்பலாயின. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ் 2023 முதல் இப்பொறுப்பு படிப்படியாக மாநில அரசுகளிடம் வந்துள்ளது. மாநிலத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை, மாவட்டத்துக்கு ஓர் உதவிப் பிரிவு, 112 என்னும் அவசர உதவி எண்ணோடு இணைப்பு என்பன இதன் அமைப்பு. இதற்கான கணிப்பொறி ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பு 'சி-டாக்' என்னும் மத்திய அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களின் கையில் இருந்த பணி அரசாங்கத்தின் கடமையாக ஆனது வரவேற்கத்தக்கதே. எனினும் பழைய கணக்கு புதிய கணக்குக்கு மாறும் காலம் எந்த நிறுவனத்துக்கும் சோதனையான காலம் என்பதைச் சங்க அங்கத்தினர்கள் நன்கு அறிவர். ஆகவே அவ்வமைப்பில் கவனிக்க வேண்டியவை சிலவற்றைக் கணக்கு நோக்கும் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

அழைப்பு வேறு, குழந்தை வேறு

ஆண்டறிக்கையில் 'இத்தனை ஆயிரம் அழைப்புகள் ஏற்கப்பட்டன' என்று காண்கிறோம். விற்பனைத் தொகையை மட்டும் காட்டி, இருப்பையும் நிலுவையையும் காட்டாத சங்கத்தின் அறிக்கைக்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. ஒரு குழந்தை ஐந்து முறை அழைத்தால் அழைப்பு ஐந்து, குழந்தை ஒன்றே. ஒருவர் ஒரு முறை அழைத்து, ஒரு பட்டறையில் ஐந்து பிள்ளைகள் வேலை செய்வதாகச் சொன்னால் அழைப்பு ஒன்று, குழந்தைகள் ஐவர். அழைப்புகளுக்குத் தினசரிப் புத்தகமும், குழந்தை ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் தனிப் பக்கமும் வேண்டும். மறுமுறை அழைக்கும் குழந்தை தன் துயரத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்லும்படி நேரலாகாது. முன்பு பேசியதன் சுருக்கம், எடுப்பவர் கண்முன் தோன்ற வேண்டும்.

பேச்சற்ற அழைப்புகளையும் இங்கே குறிப்பிடல் தகும். அழைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவோரும், விளையாட்டாக அழைப்போரும் எல்லா நாடுகளிலும் உண்டு. அவற்றைத் தொல்லை என்று கருதி அந்த எண்களை அடைத்துவிடத் தோன்றும். ஆனால் வாய் திறக்க அஞ்சும் குழந்தை முதலில் எதிர்முனையில் இருப்பவரின் குரல் எத்தகையது என்று சோதித்துப் பார்ப்பதும் உண்டு. மூன்று முறை மௌனமாக இருந்து நான்காம் முறை பேசும் குழந்தையை மூன்றாம் முறையிலேயே அடைத்துவிட்ட இயந்திரம் சிக்கனமாக வேலை செய்ததாகக் கருதப்படலாம், கடமையைச் செய்ததாகாது. 'இதற்கு ஒன்றை அழுத்துக, அதற்கு இரண்டை அழுத்துக' என்னும் நீண்ட முன்னுரைகளும் இவ்வெண்ணுக்குப் பொருந்தா. குழந்தைக்குக் கிடைத்தது சில நொடிகளாக இருக்கலாம். முதலில் கேட்பது மனிதக் குரலாக இருத்தல் வேண்டும்.

ஊரும் பெயரும்

அழைப்பு வந்த இடத்தை இயந்திரமே காட்டிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அலைபேசிக் கோபுரத்தைக் கொண்டு அறியும் இடம் தோராயமானதே; கிராமப்புறத்தில் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் பல ஊர்கள் அடங்கிவிடும். குழந்தையோ, 'பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால், தறிக்காரர் தெரு' என்று சொல்லும். வருவாய்த் துறைக் கணக்கில் ஒரு பெயரும், மக்கள் வாயில் ஒரு பெயரும் உடைய ஊர்கள் எத்தனையோ உள. ஆங்கில எழுத்தில் ஓர் ஊர் நான்கு விதமாக எழுதப்படுவதும் உண்டு. ஆதலின் மக்கள் வழங்கும் பெயர்கள், குடியிருப்புகள், பள்ளிகள், பேருந்து நிறுத்தங்கள் ஆகியவற்றைத் தமிழிலேயே தொகுத்த ஊர்ப் பட்டியல் ஒன்று இவ்வமைப்புக்கு இன்றியமையாதது. அதனை மாநிலத் தலைநகரில் அமர்ந்து முடித்துவிட இயலாது. மாவட்டத்தார் நிரப்பித் தர வேண்டும்.

ஆட்பெயரும் அவ்வாறே. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000க்குக் கணிப்பொறி அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022இல் ஏற்றது. அங்கத்தினர் பதிவேடுகளைக் கணிப்பொறிக்கு மாற்றுவதை அருகிருந்து கண்டவர்கள், பெயர் என்பது எவ்வளவு சிக்கலானது என்பதை உணர்வர். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நம்மவர் எழுதுவது தந்தையின் பெயர். சில வேளை ஓர் எழுத்து மட்டுமே. முருகன் என்னும் பெயருடையோர் ஒரே ஊரில் பதின்மர் இருப்பர். சங்கத்தில் இப்பிழை நேர்ந்தால் ஒருவர் பங்கு மற்றொருவர் கணக்கில் ஏறும். அடுத்த தணிக்கையில் திருத்திக்கொள்ளலாம். குழந்தைக் கணக்கில் நேர்ந்தாலோ, உதவி வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும். எனவே இவ்வமைப்பில், பெயரும் வயதும் சொல்லாத குழந்தைக்கும் பதிவு திறக்க வழி இருத்தல் வேண்டும். கட்டங்கள் அனைத்தும் நிரம்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்பது அலுவலகத்துக்கு வசதி, குழந்தைக்கு இடையூறு.

மறை காத்தல்

சங்கத்தின் கணக்கு அங்கத்தினர் அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நம் கொள்கை. இந்தக் கணக்கோ நேர் மாறானது. சிற்றூரில் செய்தி ஒன்று கசிந்தால் மாலைக்குள் ஊர் முழுதும் அறியும். அதன் பின் அக்குழந்தை மட்டுமன்று, அவ்வூரில் எந்தக் குழந்தையும் அவ்வெண்ணை அழைக்கத் துணியாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. சட்டம் இருப்பின் மட்டும் போதாது. யார், எந்நேரத்தில், எந்தக் குழந்தையின் பக்கத்தைத் திறந்து பார்த்தார் என்பது தானே பதிவாகும் முறை வேண்டும். அப்பதிவைத் தணிக்கை செய்யும் அதிகாரி வேறாக இருத்தல் வேண்டும். மேலதிகாரிகளுக்கு எண்ணிக்கை போதும்; பெயர் வேண்டியதில்லை. 112 எண்ணோடு ஏற்பட்டுள்ள இணைப்பு ஆபத்தான நேரத்தில் போலீஸாரை விரைந்து அனுப்பப் பயன்படுவதே. ஆயினும் மனம் நொந்து பேசவரும் பிள்ளையின் ஒவ்வொரு சொல்லும் காவல் துறைத் திரைக்குச் செல்ல வேண்டுவதில்லை. இவ்வெல்லை தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும்.

சிறியதாயினும் உயிர் போன்றது மற்றொன்று. குழந்தை அழைப்பது பெரும்பாலும் தந்தையின் அல்லது அண்டை வீட்டாரின் அலைபேசியிலிருந்து. இணைப்பு அறுந்தவுடன் அதே எண்ணுக்குத் திருப்பி அழைத்தால், எடுப்பவர் எவருக்கு அஞ்சி அக்குழந்தை அழைத்ததோ அவராகவே இருத்தல் கூடும். 'திருப்பி அழைக்கலாமா, எப்போது அழைக்கலாம்' என்னும் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டு, விடையைத் திரையின் மேற்பக்கத்தில் காட்ட வேண்டும். தகவல் பாதுகாப்புக்கென 2023இல் இயற்றப்பட்ட சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தகவலுக்குப் பெற்றோரின் இசைவைப் பொது விதியாக வைத்துள்ளது. பெற்றோரிடமிருந்தே காப்பு வேண்டி அழைக்கும் பிள்ளைக்கு அவ்விதி தடையாகிவிடாதபடி உதவித் தொலைபேசியின் நடைமுறைகள் அமைதல் வேண்டும்.

பதிவை முடிப்பவர் யார்?

பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது சட்டம். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதைப் பதிவு காட்ட வேண்டும். அதனினும் முக்கியமானது, 'முடிந்தது' என்று எழுதும் அதிகாரம். 'நேரில் சென்றோம், வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிப் பதிவை முடிப்பது, 'கடன்தாரர் ஊரில் இல்லை' என்று எழுதிக் கடனைத் தள்ளுவதற்கு ஒப்பாகும். நேரில் சென்றவரே பதிவை முடிக்கலாகாது. மற்றொருவர் பார்த்து ஒப்பவேண்டும். ஒரு மாதம், மூன்று மாதம் கழித்துக் குழந்தை பள்ளியில் இருக்கிறதா என்று அறிந்து எழுதிய பின்னரே கணக்கு நேராகும். முடிந்த பதிவுகளிற் சிலவற்றை ஆண்டுதோறும் எடுத்து நேரில் சரிபார்க்கும் தணிக்கையும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கருவியினும் ஆளே முதன்மை. நள்ளிரவில் பத்தாவது அழைப்பையும் முதல் அழைப்பைப் போலவே பொறுமையுடன் எடுக்கும் ஊழியருக்குப் பயிற்சியும், உரிய ஊதியமும், வேலை நிலைப்பும் இல்லையேல், எத்துணை விலையுயர்ந்த கணிப்பொறியும் வீணே.

உதவித் தொலைபேசி குடும்பத்தைப் பிரித்துவிடும் என்று அஞ்சுவோரும் நம்மிடையே உளர். சட்டத்தின் கருத்து அஃதன்று. குழந்தைக்குத் தீங்கில்லையெனில் குடும்பத்தோடு சேர்ப்பதையே அது முதலிற் கருதுகிறது. இல்லத்தில் வைப்பது இறுதி வழியே.

சங்கங்களின் கடமை

அழைப்புகளின் விவரம், பெயர் நீக்கி, வட்டாரம் வாரியாகவும் மாதம் வாரியாகவும் வெளியிடப்படுமாயின், அதிற் பயன் பெறுவோருள் நாமும் ஒருவராவோம். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும்போதும், அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோதும் குடும்பங்கள் முன்பணத்துக்குப் பிறரை நாடுகின்றன. அம்மாதங்களில் ஒரு வட்டாரத்திலிருந்து பள்ளி நின்ற பிள்ளைகளைப் பற்றிய அழைப்புகள் பெருகுவது தெரிந்தால், அடுத்த ஆண்டு அதற்கு முன்பே சிறு கடன் வழங்கச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். துன்பம் நேர்ந்த பின் அழைப்பை ஏற்பது அரசாங்கத்தின் வேலை. துன்பம் நேராமல் தடுக்கும் ஆற்றல் சங்கத்துக்கு உண்டு.

உடனே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நூல் வழங்கும் இடத்திலும் உரக்கிடங்கிலும் 1098 என்னும் எண்ணைக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வைத்தல். இரண்டாவது, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலிக்கு அமர்த்துவது குற்றம் என்பதைப் பொதுக்குழுவில் எடுத்துரைத்து, அங்கத்தினர் எவரும் அதனைச் செய்யலாகாது எனத் தீர்மானம் நிறைவேற்றல். மூன்றாவது, ஊராட்சி நிலையில் உள்ள குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் கலந்துகொண்டு, மாவட்ட உதவிப் பிரிவின் ஆண்டு விவரத்தைக் கேட்டல். அழைத்த குழந்தைகள் எத்தனை பேர், பள்ளிக்குத் திரும்பியோர் எத்தனை பேர் என்னும் இரு எண்களையும் ஒருசேரக் கேட்க வேண்டும். கேட்போர் இருந்தால்தான் எந்தக் கணக்கும் ஒழுங்காக எழுதப்படும். சங்கத் தலைவர்களும் செயலாளர்களும் வரும் பொதுக்குழுக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாகச் சேர்ப்பார்களாக.