எழுதுவது நோயாளி, படிப்பது யார்?

சிராங்கூன் சாலைக்கு மளிகை வாங்கப் போகிறவர் திரும்பும்போது ஒரு பிரஷர் மெஷினும் வாங்கி வந்துவிடலாம். மருந்துக் கடையில் கிடைக்கிறது. கைப்பேசியில் தட்டினால் வீட்டுக்கே வந்து சேர்கிறது. வாங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரையிலானவர்களில் 2017இல் 24.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் அது 37 விழுக்காடு. ஆனால் வாங்கிய மெஷினின் கதி நமக்குத் தெரிந்ததுதான். முதல் வாரம் சாப்பாட்டு மேசையில் இருக்கும். இரண்டாம் மாதம் பேட்டரி தீர்ந்து, அலமாரியில் பழைய ரிமோட்டுகளோடு கிடக்கும். இதை நோயாளியின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதி வைத்த எண்ணை எவரும் திரும்பிப் பார்க்காவிட்டால் யாராக இருந்தாலும் எழுதுவதை நிறுத்தத்தான் செய்வார்கள். நாம் கருவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அது காட்டும் எண்ணுக்குப் பதில் சொல்ல ஆளை வைக்க மறந்துவிட்டோம்.

இது வெறும் ஊகமல்ல. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017இல் வெளிவந்தது. வீட்டில் அளந்துகொண்டதைத் தவிர வேறு உதவி கிடைக்காதவர்களுக்கு, ஓராண்டு முடிவில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு புள்ளிதான் கூடுதலாகக் குறைந்திருந்தது. தாதியோ மருந்தாளரோ தொடர்ந்து பேசி, மருந்தைச் சரிசெய்து, நெருக்கமாகக் கவனித்தபோது 6 புள்ளி குறைந்தது. இரண்டு பக்கமும் வீட்டில்தான் அளந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனில் 142 மருந்தகங்களைச் சேர்ந்த 1,182 நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. மருந்தகத்தில் அளந்ததை மட்டும் நம்பி மருந்து கொடுக்கப்பட்டவர்களின் மேல் அளவு சராசரி ஓராண்டுக்குப் பின் 140.4. நோயாளி வீட்டில் எடுத்த எண்களைப் பார்த்து மருத்துவர் மருந்தைக் கூட்டிக் குறைத்தபோது 137. மூன்று புள்ளிதானே என்று தோன்றலாம். ஒருவருக்கு அது சிறிது, பல லட்சம் பேர் கொண்ட ஊரில் பக்கவாதக் கணக்கையே மாற்றக்கூடியது.

மருந்தகத்தில் எடுக்கும் அளவு போதாதா என்று கேட்கலாம். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பேருந்தைப் பிடித்து ஓடிவந்து, வரிசை எண்ணைப் பார்த்தபடி காத்திருந்த உடலில் எடுத்த அளவு அது. வெள்ளை அங்கியைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் ஏறும், தேவையில்லாமல் மாத்திரை கூடும். வேறு சிலருக்கு அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறும். இந்த இரண்டாம் வகை பயங்கரமானது, ஏனென்றால் மருத்துவர் நிம்மதியாக அனுப்பிவிடுவார்.

வீட்டில் எடுக்கும் அளவை நம்ப முடியாது என்பதுதான் மருத்துவர்கள் தரப்பில் வலுவான மறுப்பு. அதில் நியாயம் உண்டு. சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டி, காலைக் குறுக்கே போட்டு, தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே மகளோடு பேசிக்கொண்டே பொத்தானை அழுத்தினால் வருவது பிரஷர் அல்ல, ஏதோ ஓர் எண். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் அளவு ஏறித்தான் தெரியும். ஆனால் சரியான முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பே காப்பியையும் சிகரெட்டையும் நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வெறும் மேல்கையில், நெஞ்சு உயரத்தில் பட்டை. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு தடவை. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் இப்படிச் செய்து, முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியைப் பார்த்தால் போதும். வீட்டில் 135/85 என்பது மருந்தகத்தின் 140/90க்குச் சமம். இதைத் தாதி ஒருவர் பத்து நிமிடத்தில் செய்து காட்டிவிடலாம். நாளுக்குப் பத்து முறை அளந்து பதறுகிறவருக்கும் இந்த ஒரு வாரக் கணக்குதான் மருந்து, மற்ற நாள்களில் மெஷின் தூங்கட்டும்.

முதியவர்களுக்கு ஆப் பழகாது என்பது அடுத்த மறுப்பு. நம் பலதுறை மருந்தகங்களில் வீட்டு அளவைக் கைப்பேசி வழியாகத் தாதியருக்கு அனுப்பும் திட்டம் சில ஆண்டுகளாக இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் பிரிட்டன் ஆய்வில் குறுஞ்செய்தி வழி அனுப்பியவர்களின் சராசரி 136, தாளில் எழுதிக் கொடுத்தவர்களுடையது 137. அந்த ஒரு புள்ளிக்காகப் பாட்டியை ஆப்போடு மல்லுக்கட்ட வைக்க வேண்டியதில்லை. தினசரிக் காலண்டரின் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மருத்துவருக்கு நேரமில்லை என்றால், படிப்பவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் ஆளுக்கொரு குடும்ப மருத்துவர் என்கிறது. அந்த மருத்துவர்களின் சிறிய மருந்தகங்களுக்கும் தாளைப் படித்து, தொலைபேசியில் கூப்பிட்டு, மருத்துவர் குறித்துக் கொடுத்த வரம்புக்குள் மருந்தை மாற்றச் சொல்லும் ஒரு தாதி கிடைக்க வேண்டும். அரசு பணம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இனிப்பு நீர் உள்ளவருக்கு இது இரட்டிப்பு அவசரம், இரண்டு நோயும் கூட்டுச் சேர்ந்தால் சிறுநீரகம் கடுமையாக அடி வாங்கும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி விட்டுப்போகிறவர்கள், ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைத் தேக்காவை நிரப்பும் தமிழ்நாட்டு ஊழியர்கள். ஹெல்தியர் எஸ்ஜி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். விடுதிகளில் தங்குவோருக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறையினருக்கும் 2022 ஏப்ரலிலிருந்து முதலாளி செலவில் அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஊழியர் மருத்துவ நிலையத்துக்கு நேரில் போனால் 5 வெள்ளி, காணொளியில் பேசினால் 2 வெள்ளி கொடுக்கிறார். நாள்பட்ட நோய்க்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பலர் சேர்ந்து உறங்கும் அறையில், இரட்டை அடுக்குக் கட்டிலில், முதுகு சாய்க்க நாற்காலி எங்கே? அளவு கூடினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அம்மாவுக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பு, துவாஸ் விடுதியில் இருக்கும் மகனுக்கு எட்டவில்லை. விடுதியின் ஒரு மூலையில் முதுகு சாய்க்க நாற்காலி ஒன்று, மேல்கை மெஷின் ஒன்று, தமிழிலும் வங்காள மொழியிலும் அச்சிட்ட தாள். அந்தத் தாளை 2 வெள்ளிக் காணொளியில் காட்டினால், மறுமுனையில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். அந்த எண்கள் முதலாளிக்குப் போகாது என்று தாளின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும்.