12டி படிவம் பத்திச் சொல்லப் போன வீடு

தோழர்களே, இது மீம் இல்ல, யாருக்கும் பதிலடியும் இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு. அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரம். வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டுத் தெருத் தெருவா அலைஞ்சோம்ல? 85 வயசு தாண்டினவங்களும், 40 சதவீதமோ அதுக்கு மேலயோ மாற்றுத்திறன் உள்ளவங்களும் 12டி படிவம் கொடுத்தா வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்னு அந்தத் தேர்தல்ல ஏற்பாடு இருந்துச்சு. எங்க பாகத்துல அப்படி யார் யார் இருக்காங்கன்னு பட்டியல் எடுத்தது நான்தான். எக்செல் ஷீட்டெல்லாம் பக்காவா போட்டேன்.

அதுல ஒரு வீடு. உள் அறையில ஒரு பெரியவர் கட்டிலோட கிடந்தார். வாசல்லயே ஒரு வாடை. "இடுப்புல புண்ணு தம்பி, பவுடர் போட்டுப் போட்டுப் பாக்கோம், ஆற மாட்டேங்கு"ன்னு மருமகள் சொன்னாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? படிவத்துக்குக் கடைசித் தேதி சொல்லி, கும்பிடு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். எனக்கு அந்த வீட்ல ஒரு ஓட்டு தெரிஞ்சுது. புண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியல.

எட்டு மாசம் கழிச்சு எங்க ஆச்சிக்குப் பக்கவாதம் வந்துச்சு. இடது கை, இடது கால் விழுந்துருச்சு. பேச்சு மட்டும் நல்லவேளையா போகல. ஆஸ்பத்திரியில இருந்து பத்தாம் நாள் அனுப்பினாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில மாத்திரை பேரு ஒன்பது இருந்துச்சு. ஆளை எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறதுன்னு ஒரு வரி இல்ல. அம்மாவும் அத்தையும் பாத்துப்பாங்கன்னு நானும் லேப்டாப்பைத் திறந்து உக்காந்துட்டேன். வொர்க் ஃப்ரம் ஹோம்.

மூணாவது வாரம் அம்மாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ஆச்சியைத் தனியா தூக்கித் தூக்கித்தான். அப்பதான் நான் அந்த அறைக்குள்ள போனேன். ஆச்சியோட குதிகால்ல கருநீலமா ஒரு தடம். நல்லா எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விட்டேன். இடுப்புக்குக் கீழே வைக்க நடுவுல ஓட்டை உள்ள ரப்பர் வளையம் ஒண்ணு வாங்கி வந்தேன். பெருமையா வேற இருந்துச்சு.

ரெண்டுமே தப்பு.

வீட்டுக்கு வந்த ஆதரவு சிகிச்சை சிஸ்டர்தான் சொன்னாங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல, படுக்கையில இருக்கிறவங்களுக்காக நர்ஸும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வர்றாங்க. (அது யாரோட சாதனைங்கிற சண்டையை வேற பதிவுல வச்சுக்கலாம்.) "என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"ன்னு கேட்டாங்க. மெக்கானிக்கல்னேன். "அப்ப அழுத்தம்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"ன்னாங்க.

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. விசையைப் பரப்பால வகுத்தா அழுத்தம். முதல் வருஷப் பாடம். எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற சின்ன இடத்துல உடம்போட எடை இறங்குது. அங்க ரத்த ஓட்டம் நசுங்குது. மணிக்கணக்கா அப்படியே இருந்தா உள்ள இருக்கிற சதை சாகுது. வளையம் வச்சா அழுத்தம் போறதில்ல, வளையத்தோட விளிம்புக்கு நகருது, அவ்வளவுதான். நசுங்கின இடத்தைத் தேய்ச்சா உள்ள இன்னும் கிழியும். பவுடர் போட்டா புண் ஆறாது.

அப்ப என்னதான் செய்யணும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை படுக்கை நிலையை மாத்தணும். முழுசா ஒருக்களிச்சுப் போடாம, முதுகுக்குப் பின்னால தலையணை கொடுத்து லேசா சாய்ச்சா போதும். முழங்கால்களுக்கு நடுவுல ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழ ஒண்ணு கொடுத்து, குதிகால் மெத்தையில படாம தொங்கணும். மேல ஏத்தணும்னா அக்குளைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, தோல் உரசிக் கிழியும். அடியில மடிச்ச பெட்ஷீட் ஒண்ணு விரிச்சு, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி நகர்த்தணும். காத்து மெத்தை வாங்கினாலும் புரட்டறதை விடக் கூடாது.

சிஸ்டர் சொன்ன இன்னொண்ணு என் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இன்டர்நெட்ல தேடினா வர்ற படமெல்லாம் வெள்ளைத் தோல்ல சிவந்த தடம்தான். நம்ம தோல்ல அந்தச் சிவப்பு தெரியாது. சுத்தி இருக்கிற தோலை விட கருத்திருக்கா, சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, இல்ல கொழகொழன்னு இருக்கான்னு விரலால தொட்டுப் பாக்கணும். தினமும், வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, காது மடல்னு எல்லா இடமும். தொடணும் தோழர்களே. நம்ம வீட்டு ஆம்பளைங்க செய்யாதது அதுதான்.

சோறு ஊட்டறதுலயும் எனக்குத் தெரியாதது எவ்வளவோ. படுத்த நிலையில தண்ணி கொடுத்தா நுரையீரலுக்குப் போயிடும், நிமோனியா வரும். நிமிர்ந்து உக்கார வச்சு, தாடையைக் கொஞ்சம் கீழ தாழ்த்தி, சின்னக் கரண்டியில, விழாத பக்கமா கொடுக்கணும். விழுந்த பக்கக் கன்னத்துல சோறு ஒதுங்கி இருக்கான்னு பாக்கணும். சாப்ட்ட பிறகு அரை மணி நேரம் உடனே சாய்க்கக் கூடாது. குடிக்கும்போது இருமலோ, பேச்சுல தண்ணிச் சத்தமோ வந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லணும். சட்டை போடும்போது முதல்ல விழுந்த கை, கழட்டும்போது அது கடைசி. அந்தக் கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கினா தோள்மூட்டு இறங்கிடும். நாற்காலிக்கு மாத்தணும்னா நாற்காலி நல்ல பக்கத்துல இருக்கணும். மூத்திரக் குழாய் போட்டிருந்தா பை எப்பவும் இடுப்புக்குக் கீழ, ஆனா தரையில படாம. இது எல்லாத்துக்கும் முன்னாலயும் பின்னாலயும் சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவணும்.

இதுல எதுக்காவது இன்ஜினியரிங் டிகிரி வேணுமா? பத்தாவது கூட வேணாம். நாலு நாள் பழகினா வரும். ஆனா நாலு வருஷக் காலேஜ்ல ஒரு மணி நேரம் கூட யாரும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கல.

"எல்லாரும் நர்ஸ் ஆகிடலாமா?"ன்னு கேப்பீங்க. முடியாது. ஜி.என்.எம். மூணு வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் படிக்கிறாங்க. ஊசி, டிரிப்ஸ், மருந்தளவு, ஆழமான புண்ணுக்குக் கட்டு, குழாய் மாத்தறது எல்லாம் அவங்க வேலை, யூடியூப் பாத்து நாம கை வைக்கக் கூடாது. நான் சொல்றது அடிப்படை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல நர்சிங் பத்தி எழுதின புத்தகமே நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்க எழுதினதில்ல. வீட்டுல நோயாளியைப் பாத்துக்கிற சாதாரணப் பெண்களுக்குக் குறிப்பா எழுதினது. "பெண்களுக்கு"ங்கிறதை மட்டும் இப்பவாவது நாம மாத்திக்கலாம்.

பக்கத்துலயே பாருங்க. 1993-ல கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்கா ஆரம்பிச்சாங்க. பிறகு மலப்புறம் பக்கமெல்லாம் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்துப் படுக்கை நோயாளிகளை அவங்களே போய்ப் பாத்துக்கிற மாதிரி ஆக்கினாங்க. 2008-ல கேரள அரசு அதுக்குன்னு ஒரு கொள்கையே கொண்டுவந்துச்சு. இந்தியாவுலயே முதல் மாநிலம். டாக்டர் ஒருத்தர் வர்றதுக்கு முன்னால அங்க ஒரு தையல்காரரோ ஆட்டோ டிரைவரோ வந்து புரட்டிப் போட்டுட்டுப் போயிருப்பார்.

நமக்கு அதைவிடப் பெரிய வசதி ஒண்ணு இருக்கு. எந்த வீட்ல யாரு நடமாட முடியாம இருக்காங்கன்னு ஆஸ்பத்திரிக்கே தெரியாது. நமக்குத் தெரியும். ஓட்டுக்காக எடுத்த பட்டியல், பாகம் வாரியா, கதவு எண்ணோட. பாகத்துக்கு ரெண்டு பேர், அதுல ஒருத்தராவது ஆம்பளை, இதைக் கத்துக்கிட்டா என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க, சிஸ்டர் வர்ற நாள்ல கூட நின்னு பழகிக்கிறோம்னு. கொடி வேணாம், துண்டு வேணாம். தயவுசெஞ்சு நோயாளிகூட செல்ஃபி எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பாதீங்க, நானே போட மாட்டேன்.

அரசுகிட்ட நாம கேக்க வேண்டியதும் இருக்கு, எந்த ஆட்சியா இருந்தாலும். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள், வீட்டு ஆள் ஒருத்தரை நிக்க வச்சு, புரட்டறதும் ஊட்டறதும் அவங்க கையாலயே செய்ய வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பணும். இதை விதியாவே ஆக்கணும். தனியார் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து.

அந்தப் பெரியவர் வீட்டுக்கு இந்த வருஷம் திரும்பப் போனேன். இறந்து மூணு மாசம் ஆச்சுன்னாங்க. மருமகள் எனக்கு மோர் கொடுத்தாங்க. பட்டியல்ல பேரு நீக்கறதுக்கு வந்தேன்னு நினைச்சு இறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துட்டு வந்தாங்க.

ஆச்சிக்குக் குதிகால் தடம் மறைஞ்சிருச்சு. எங்க பாகத்துல படுக்கையில இருக்கிறவங்க இப்ப ஏழு பேர். வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம பூத் கமிட்டித் தம்பிங்க ரெண்டு பேர் ஆச்சியைப் புரட்டிப் பழக வீட்டுக்கு வர்றாங்க. ஆச்சிகிட்ட முறையா அனுமதி கேட்டாச்சு.

"வரட்டும்ல. நகத்தை வெட்டிட்டு வரச் சொல்லு"ன்னா.