பாம்பு அலையுதா? முதலில் தொட்டியைப் பாருங்கோ

"இரவு பத்து மணியானால் பாம்பு கண்ணாடியிலே ஏறி ஏறி விழுகுது. அம்மம்மா அந்த அறைப் பக்கமே போகமாட்டன் எண்டு நிக்கிறா. கடையிலேயே திருப்பிக் குடுத்திடவோ?" என்று கோட்-டெ-நெய்ஜிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஆசைப்பட்டு வாங்கியது போல் பைத்தன். பயந்தால் பந்துபோலச் சுருளுகிற மேற்கு ஆபிரிக்க மலைப்பாம்பு இது.

முதலில் அம்மம்மாவுக்கு ஒரு வார்த்தை. பாம்பு பக்கத்தில் நீட்டிப் படுத்தால் ஆளை விழுங்க அளவெடுக்குது என்று ஒரு கதை உலாவுது. அதில் உண்மை இல்லை. எந்தப் பாம்பும் இரையை அப்படி அளப்பதில்லை. போல் பைத்தன் வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள்தான். ஊரிலே நாங்கள் வெங்கிணாந்தி என்கிற பெரிய மலைப்பாம்பு வேறு இனம்.

இந்தப் பாம்பு இரவில் உலாவுகிற பிராணி. பகலில் ஒளிந்திருந்து, இருட்டினதும் நாக்கை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் அது சுகமாக இருக்குது என்று அர்த்தம். பகலும் இரவும் ஓயாமல் அலைவது, மூக்கைக் கண்ணாடியில் புண்ணாகும்வரை தேய்ப்பது, இதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் அதன் காரணம் தொட்டிக்குள்ளேயே இருக்கும்.

சூடு: தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மற்றப் பக்கம் 25 முதல் 27 வரை வேணும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதேங்கோ. இரண்டு பக்கமும் வெப்பமானி வையுங்கோ. சூட்டு விரிப்புக்குத் தெர்மோஸ்டாற் கட்டாயம். அது இல்லாவிட்டால் பாம்பின் வயிறு வெந்துபோகும்.

ஈரப்பதன்: 60 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. மொன்றியல் குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டுக் காற்று அதன் பாதிகூட இராது. தோல் துண்டு துண்டாக உரியும், பாம்பும் அந்தரப்படும்.

மறைவிடம்: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. உடம்பு முட்டும் அளவுக்கு ஒடுக்கமாக இருந்தால்தான் அதற்குப் பயம் போகும்.

மணிக்கணக்காகத் தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடந்தால் சூடு கூடியிருக்கலாம், அல்லது உண்ணி பிடித்திருக்கலாம். ஆண் பாம்பு குளிர்காலத்தில் துணை தேடி அலையும், சாப்பாட்டையும் விடும். எடை குறையாதவரை பதறத் தேவையில்லை. வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ உடனே ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் போங்கோ. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக மருத்துவபீடம் சென்-இயாசந்தில் இருக்கிறது.

யூலை 1 இல் வீடு மாறினால் ஒரு கிழமைக்குப் பாம்பைத் தூக்காதேங்கோ. 2023 ஏப்ரல் பனிமழையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அப்படியான நாளில் துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் உதவும்.

அலைகிற பாம்பு இடுக்குத் தேடும் என்பதையும் மறக்கக் கூடாது. 2013 ஓகஸ்டில் நியூ பிரன்ஸ்விக்கின் காம்பெல்ட்டனில் ஏறக்குறைய 4 மீட்டர் நீளமான ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பு காற்றோட்டக் குழாய் வழியாகத் தப்பி, தூங்கிய இரண்டு சிறுவர்களைக் கொன்றது. போல் பைத்தன் அப்படியான பாம்பு இல்லை. ஆனாலும் மூடியில் பூட்டு வேணும். தொட்டபிறகு சோப் போட்டுக் கை கழுவ வேணும். ஊர்வனவில் சல்மொனெல்லா இருக்கும். முதியவர்களும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையளும் தொடாமல் விடுவது நல்லது.

ஆகவே அம்மா, இரண்டு கிழமை பொறுங்கோ. சூட்டையும் ஈரப்பதனையும் மகன் தினமும் கொப்பியில் எழுதட்டும். இருபது, முப்பது வருடம் வாழக்கூடிய சீவன் இது. பொறுப்பை இப்பவே பழகுவான். அதன் பிறகும் வேண்டாம் எண்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் குடுங்கோ. பக்கத்து மொன்-ரோயல் மலையில் மட்டும் விட்டிடாதேங்கோ. எங்கள் குளிரை அது தாங்காது.